தொலைதூர விமானப் பயணம்: தூரத்தையும் நேரத்தையும் நாமே கணக்கிடுவது எப்படி?

தாமரைக்கேணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் என் தாயாரை லண்டன் ஹீத்ரோவிலிருந்து சிங்கப்பூர் சாங்கிக்கு அழைத்துச் செல்கிறேன். அவருக்கு நீரிழிவு நோய். இரண்டு இன்சுலின் ஊசிகளுக்கு நடுவே எத்தனை மணி நேரம் கழிகிறது என்பது அவர் விஷயத்தில் மிகவும் முக்கியம். அளவை மருத்துவர் முடிவு செய்வார். ஆனால் அவர் என்னிடம் கேட்டிருப்பது, போகும்போதும் வரும்போதும் உண்மையில் எத்தனை மணி நேரம் கழியும் என்ற கணக்கு.

இணையத்தில் தேடினால் ஒரு தளம் 10,881 கி.மீ. என்கிறது. இன்னொன்று 6,761 மைல். மூன்றாவது 5,875 மைல். நேரமோ இதைவிடக் குழப்பம். ஒரு தளம் 12 மணி 5 நிமிடம் என்று காட்டுகிறது. டிக்கெட்டில் போவதற்கு 13 மணி நேரமும் திரும்புவதற்கு 14 மணி நேரமும் இருக்கின்றன. இரண்டு பக்கமும் ஒரே தூரம்தானே? இதை யாராவது அடிப்படையிலிருந்து விளக்க முடியுமா? சூத்திரங்கள் வந்தாலும் பரவாயில்லை, கல்லூரியில் கணிதம் படித்தவள்தான்.

கோணமானி எழுதியது:

மைல் விவகாரத்தை முதலில் முடித்துவிடுவோம். 6,761 என்பது சாலைகளில் பயன்படும் மைல், ஒன்றுக்கு 1.609 கி.மீ. 5,875 என்பது கடல் மைல், ஒன்றுக்கு 1.852 கி.மீ. விமானத் துறையில் புழங்குவது கடல் மைல்தான். பல தளங்கள் இரண்டையும் வெறுமனே ‘மைல்’ என்று எழுதிவிடுகின்றன. பெருக்கிப் பாருங்கள், இரண்டும் 10,881 கி.மீ.யில்தான் வந்து நிற்கும்.

இனி அந்த 10,881 எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள கோளமாக எடுத்துக்கொள்கிறோம். கோளத்தின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மிகக் குறுகிய பாதை பெருவட்டத்தின் ஒரு வில். பெருவட்டம் என்பது பூமியின் மையத்தைத் தன் மையமாகக் கொண்ட வட்டம். இரண்டு ஊர்களும் பூமியின் மையத்தில் தாங்கும் கோணம் தெரிந்தால் போதும். ஒரு பாகைக்கு 111.195 கி.மீ. வீதம் பெருக்கினால் தூரம் வந்துவிடும்.

ஹீத்ரோ: வடக்கு 51.47 பாகை, மேற்கு 0.45 பாகை. சாங்கி: வடக்கு 1.36, கிழக்கு 103.99. ஒன்று மேற்கு, மற்றொன்று கிழக்கு என்பதால் தீர்க்கரேகைகளைக் கூட்ட வேண்டும்: 104.44.

கோணத்தின் கொசைன் = (இரு அட்சரேகைகளின் சைன்களின் பெருக்கல்) + (இரு அட்சரேகைகளின் கொசைன்களின் பெருக்கல் × தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைன்)

முதல் பகுதி: 0.7823 × 0.0237 = 0.0186
இரண்டாம் பகுதி: 0.6229 × 0.9997 × (−0.2494) = −0.1553
கூட்டினால் −0.1367

இந்தக் கொசைனுக்குரிய கோணம் 97.86 பாகை. அதை 111.195-ஆல் பெருக்குங்கள்: 10,881 கி.மீ. கால்குலேட்டரும் ஐந்து நிமிடமும் இருந்தால் போதும், எந்தத் தளத்தையும் நம்பியிருக்க வேண்டியதில்லை. ஒருமுறையாவது கையால் செய்து பாருங்கள் அம்மா. அதன் பிறகு திரையில் தப்பான எண் வந்தால் கண்ணில் உடனே படும்.

புறாக்கூடு எழுதியது:

ஐயா சொன்னது முற்றிலும் சரி. விரிதாளிலோ நிரலிலோ எழுதப் போகிறவர்களுக்காகச் சிலவற்றைச் சேர்க்கிறேன். இந்தக் கணக்கு தவறுவது பெரும்பாலும் சூத்திரத்தில் அல்ல, உள்ளீட்டில்.

விரிதாளில் சைனும் கொசைனும் பாகையை அல்ல, ரேடியன் என்ற வேறொரு கோண அலகைத்தான் எதிர்பார்க்கும். பாகையை அப்படியே கொடுத்தால் பிழைச் செய்தி எதுவும் வராது, அமைதியாக ஒரு தப்பான எண் வரும். மேற்குத் தீர்க்கரேகைக்கும் தெற்கு அட்சரேகைக்கும் கழித்தல் குறி கட்டாயம். அடுத்தது, பலர் கவனிக்காமல் விடுவது: 51 பாகை 28 நிமிடம் என்று எழுதியிருந்தால் அது 51.28 அல்ல. 28-ஐ 60-ஆல் வகுக்க வேண்டும், 51.47.

மிகக் குறைந்த தூரங்களில் கொசைன் சூத்திரம் துல்லியத்தை இழக்கும். கொசைன் மதிப்பு 1-ஐ ஒட்டிப் போய்விடுவதால் கடைசி இலக்கங்கள் காணாமல் போகும். அதற்காகவே ஹாவர்சைன் சூத்திரம் இருக்கிறது. அந்தப் பெயரைக் கொடுத்தவர் ஜேம்ஸ் இன்மன், 1835-இல். மாலுமிகள் அட்டவணையைப் பார்த்துக் கணக்குப் போட்ட காலத்துக் கருவி அது. இன்றும் கைப்பேசிச் செயலிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி தரும் செய்தி. உங்கள் எண்களை அதில் போட்டாலும் 97.86 பாகைதான் வருகிறது, சரிபார்த்துவிட்டேன்.

தாமரைக்கேணி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. கையால் போட்டுப் பார்த்தேன், 10,881 வந்தது! ஆனால் பூமி சரியான கோளம் அல்லவே, துருவங்களில் சற்றுத் தட்டையானது. விமானம் பறப்பதும் தரையிலிருந்து 11 கி.மீ. உயரத்தில். இவற்றையும் சேர்க்க வேண்டாமா?

புறாக்கூடு எழுதியது:

சேர்க்கலாம். பூமியின் நடுக்கோட்டு ஆரம் 6,378.137 கி.மீ., துருவ ஆரம் 6,356.752 கி.மீ. இந்த டபிள்யூ.ஜி.எஸ். 84 அளவுகளைத்தான் ஜி.பி.எஸ். பயன்படுத்துகிறது. இப்படித் துருவங்களில் சற்றுத் தட்டையான பூமிக்கு வின்சென்டி 1975-இல் வெளியிட்ட சூத்திரம் இருக்கிறது. ஏறத்தாழ எதிரெதிர்ப் புள்ளிகளில் அது விடைக்கு வராமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தக் குறையை கார்னியின் 2013-ஆம் ஆண்டு முறை தீர்த்தது. கோளக் கணக்கில் பிழை அதிகபட்சம் அரை சதவீதம் அளவுக்குத்தான். 10,000 கி.மீ.க்கு 50 கி.மீ., பறக்கும் நேரத்தில் மூன்று நான்கு நிமிடம்.

உயரத்தின் பங்கு அதைவிடக் குறைவு. 11-ஐ 6,371-ஆல் வகுத்தால் 0.17 சதவீதம். உங்கள் பயணத்தில் சுமார் 19 கி.மீ.

அகல்விளக்கு எழுதியது:

எனக்கு ஒரு சந்தேகமும் ஒரு கருத்தும். சந்தேகம்: விமானத்தின் வரைபடத்தில் பாதை ஏன் எப்போதும் வடக்கே வளைந்து போகிறது? நேராகப் போனால் தூரம் குறையாதா?

கருத்து: போகும் நேரமும் வரும் நேரமும் வேறுபடுவது பூமியின் சுழற்சியால்தான் என்று நினைக்கிறேன். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. மேற்கே போகும் விமானத்தை நோக்கிச் சேருமிடம் நகர்ந்து வருகிறது. அப்படியென்றால் மேற்குப் பயணம்தான் விரைவாக முடிய வேண்டும். தாமரைக்கேணி சொல்லும் எண்கள் தலைகீழாக இருக்கின்றன. விளக்குங்கள்.

கோணமானி எழுதியது:

சந்தேகத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன், கருத்தைத் துறைசார்ந்தவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

நியூயார்க்கும் மாட்ரிட்டும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், வடக்கு 40.5 பாகையை ஒட்டி இருக்கின்றன. தட்டை வரைபடத்தில் இரண்டையும் ஸ்கேல் வைத்து இணைத்தால் கிடைமட்டக் கோடு கிடைக்கும். அந்த அட்சரேகை வழியாகவே பறந்தால் சுமார் 5,930 கி.மீ. பெருவட்டத்தில் போனால் சுமார் 5,760. நேர்கோடாகத் தெரிவதுதான் 170 கி.மீ. நீளம் கூடிய வழி! குறுகிய வழி நடுவில் 46 பாகை வடக்கு வரை ஏறி இறங்குகிறது. கோளத்தைத் தாளில் விரித்ததால் வந்த தோற்றம் அது. ‘எப்போதும் வடக்கே’ என்பதும் வடகோளத்துக்குத்தான் பொருந்தும். சிட்னியிலிருந்து சாண்டியாகோ போகும் விமானம் அண்டார்டிகா பக்கமாகத் தெற்கே வளையும். ஒரு பூகோள உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், வளைவு மறைந்துவிடும்.

இரவுவானம் எழுதியது:

விமானங்களுக்கு வழித்திட்டம் போடும் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன். அகல்விளக்கு எழுப்பிய கேள்வி பலரும் நம்பும் ஒன்று என்பதால் பொறுமையாகப் பதில் எழுத விரும்புகிறேன்.

காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. விமானம் அந்தக் காற்றுக்குள் மிதக்கிறது. ஆகவே சேருமிடம் விமானத்தை நோக்கி நகர்ந்து வருவதில்லை. அப்படி நகர்ந்திருந்தால் அசையாமல் நிற்கும் ஹெலிகாப்டருக்குக் கீழே ஊர்கள் ஓடிப்போயிருக்க வேண்டும். ஆனாலும் சுழற்சிக்கு இதில் மறைமுகமான பங்கு உண்டு. வெப்ப மண்டலத்துக்கும் துருவத்துக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடும் பூமியின் சுழற்சியும் சேர்ந்துதான் ஜெட் ஸ்ட்ரீம் எனப்படும் மேலடுக்குக் காற்றை உண்டாக்குகின்றன. அது மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி, நாங்கள் பறக்கும் அதே 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் ஓடுகிறது. மணிக்கு 160 கி.மீ. சாதாரணம், குளிர்காலத்தில் இன்னும் பலமாக வீசும். கிழக்கே போகிறவருக்கு அது பின்காற்று, மேற்கே போகிறவருக்கு எதிர்காற்று.

இப்போது வேகம். 787, ஏ350 போன்ற நெடுந்தூர விமானங்கள் மாக் 0.85-இல், அதாவது ஒலிவேகத்தில் 0.85 பங்கில் பறக்கின்றன. 11 கி.மீ. உயரத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 56 பாகை. அந்தக் குளிரில் ஒலியின் வேகம் மணிக்கு சுமார் 1,062 கி.மீ.தான், தரையில் இருப்பதைவிடக் குறைவு. அதில் 0.85 என்றால் 903. எனவே 900 என்று வைத்துக் கணக்கிடுவது நியாயமானது. ஆனால் அது காற்றைப் பொறுத்த வேகம். உங்கள் பயண நேரத்தை முடிவு செய்வது தரையைப் பொறுத்த வேகம்.

தாமரைக்கேணி பார்த்த 12 மணி 5 நிமிடம் என்பது 10,881-ஐ 900-ஆல் வகுத்த விடை. அந்தக் கணக்கில் விமானம் வாயிலிலிருந்து கிளம்பும்போதே மணிக்கு 900 கி.மீ.யில் ஓடுகிறது! உண்மையில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டும், மேலேற வேண்டும், இறங்க வேண்டும். 10,000 அடிக்குக் கீழே பல நாடுகளில் 250 நாட், அதாவது மணிக்கு 463 கி.மீ.தான் உச்சவரம்பு. இவற்றுக்காக 30 முதல் 45 நிமிடம் சேருங்கள். ஆம்ஸ்டர்டாமில் போல்டர்பான் என்ற ஓடுபாதை கிடைத்துவிட்டால் ஊர்வதற்கே கால் மணி நேரம் போகும்.

டிக்கெட்டில் இருக்கும் நேரம் வாயிலிலிருந்து வாயில் வரை. வானத்தில் இருக்கும் நேரம் அதற்குள் அடங்கியது. இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் பலர் குழம்புகிறார்கள்.

தாமரைக்கேணி எழுதியது:

மிகத் தெளிவாக இருக்கிறது ஐயா. அப்படியென்றால் போக, வர இரண்டு நேரங்களின் சராசரியை எடுத்தால் காற்றின் விளைவு கழிந்துவிடும், இல்லையா?

இரவுவானம் எழுதியது:

கழியாது. நல்ல கேள்வி, கணக்காகவே காட்டுகிறேன். லண்டன்–நியூயார்க் 5,540 கி.மீ. காற்றே இல்லையென்றால் 900 வேகத்தில் ஒரு பக்கத்துக்கு 6 மணி 9 நிமிடம். மணிக்கு 100 கி.மீ. பின்காற்று கிடைத்தால் வேகம் 1,000 ஆகும், நேரம் 5 மணி 32 நிமிடம். மிச்சம் 37 நிமிடம். அதே காற்று எதிராக வீசினால் 800 வேகம், 6 மணி 55 நிமிடம். இழப்பு 46 நிமிடம். காற்றுக்கு எதிரே நீங்கள் அதிக நேரம் இருக்கிறீர்கள், அதனால் அது உங்களை அதிக நேரம் தடுக்கிறது. போய் வரும் பயணத்தில் நிலையான காற்று எப்போதும் நஷ்டம்தான்.

இந்த நஷ்டத்தைக் குறைக்கத்தான் அட்லாண்டிக் பாதைகள் நாள்தோறும் புதிதாக வரையப்படுகின்றன. ஷான்விக், கேண்டர் கட்டுப்பாட்டு நிலையங்கள் அன்றைய காற்றைப் பார்த்து, பகலில் மேற்கு நோக்கியும் இரவில் கிழக்கு நோக்கியும் பாதைகளை அமைக்கின்றன. கிழக்கே போகிறவர்கள் ஜெட் ஸ்ட்ரீமுக்குள் நுழைவார்கள், மேற்கே போகிறவர்கள் அதைச் சுற்றிப் போவார்கள். பெருவட்டத்தைவிட நீளமான பாதையில் சீக்கிரம் போய்ச் சேரும் நாள்கள் எத்தனையோ உண்டு.

அகல்விளக்கு எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி, சுழற்சி பற்றிப் புரிந்துகொண்டேன். ஆனால் ஒன்று இடிக்கிறது. 2020 பிப்ரவரியில் ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்தது. 5,540-ஐ அதால் வகுத்தால் சராசரி 1,100-ஐத் தாண்டுகிறது. நீங்கள் சொன்ன ஒலிவேகம் 1,062. அப்படியென்றால் 747 ஒலியைத் தாண்டிப் பறந்ததா?

இரவுவானம் எழுதியது:

தாண்டவில்லை. கியாரா புயலின்போது ஜெட் ஸ்ட்ரீம் அசாத்திய வலிமையோடு இருந்தது. 747 தன்னைச் சூழ்ந்த காற்றில் வழக்கமான வேகத்தில்தான் பறந்தது, அந்தக் காற்றே மணிக்கு முந்நூறு கி.மீ. அளவில் ஓடியது. இரண்டும் சேர்ந்து தரையைப் பொறுத்த வேகம் ஆகிவிட்டது. ஒலித்தடையைக் கணக்கிடுவது காற்றைப் பொறுத்துத்தான்.

பயணப்பை எழுதியது:

நேர மண்டலங்களைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. தாமரைக்கேணிக்கு மிகவும் தேவைப்படுவது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

புறப்பாடு, வருகை இரண்டையும் முதலில் யூ.டி.சி. எனப்படும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றுங்கள், பிறகு கழியுங்கள். வேறு எந்த வழியும் வேண்டாம். குளிர்காலத்தில் லண்டன் யூ.டி.சி.யோடு ஒன்றியிருக்கும், சிங்கப்பூர் 8 மணி நேரம் முன்னால். இரவு 10 மணிக்குக் கிளம்பி 13 மணி நேரம் பறந்தால் யூ.டி.சி. காலை 11, சிங்கப்பூரில் மாலை 7. கடிகாரத்தைப் பார்த்தால் 21 மணி நேரம் போனதுபோல் இருக்கும். திரும்பும்போது இரவு 11:30-க்குக் கிளம்பினால் அது யூ.டி.சி. மாலை 3:30. 14 மணி நேரம் கழித்து லண்டனில் காலை 5:30. கடிகாரம் காட்டுவது 6 மணி நேரம், உடல் கடந்தது 14 மணி நேரம். ஊசி போடும் ஒருவருக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு ஆபத்தானது என்று நினைத்துப் பாருங்கள். உங்கள் மருத்துவர் மிகச் சரியாகக் கேட்டிருக்கிறார்.

கோடைநேரத்தையும் கவனியுங்கள். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை லண்டன் ஒரு மணி நேரம் முன்னால் போய்விடும், சிங்கப்பூர் மாறாது. அமெரிக்கா மாற்றுவதோ மார்ச் இரண்டாம் ஞாயிறிலும் நவம்பர் முதல் ஞாயிறிலும். அதனால் வழக்கமாக 5 மணி நேரமாக இருக்கும் லண்டன்–நியூயார்க் வித்தியாசம், ஆண்டில் சில வாரங்களுக்கு 4 ஆகிவிடுகிறது.

தேதிக்கோட்டைக் கிழக்கு நோக்கிக் கடக்கும் பயணத்தில் உள்ளூர் நேரங்களைக் கழித்தால் விடையே எதிர்மறையாக வரலாம். குளிர்காலத்தில் டோக்கியோவில் மாலை 5-க்குக் கிளம்பி 10 மணி நேரம் பறந்தால், லாஸ் ஏஞ்சலஸில் அதே நாள் காலை 10 மணி.

தாமரைக்கேணி எழுதியது:

இந்த 6 மணி நேரம், 14 மணி நேரம் ஒப்பீட்டைப் படித்ததும் உடம்பு சில்லிட்டது. மிக்க நன்றி. கடைசியாக ஒன்று: 12 மணி 5 நிமிடத்தோடு 35 நிமிடம் சேர்த்தால் 12:40. கிழக்கே போகும்போது பின்காற்றும் உதவுகிறது. பிறகு ஏன் 13 மணி நேரம்?

இரவுவானம் எழுதியது:

ஏனென்றால் நீங்கள் கணக்கிட்ட வில்லின் மீது பறக்க முடியாது. ஹீத்ரோ–சாங்கி பெருவட்டத்தை வரைந்து பாருங்கள். அது உக்ரைனின் வடபகுதிக்கு மேலாகவும், ரஷ்யாவின் வோல்காகிராட் வட்டாரத்துக்கு மேலாகவும், காஸ்பியன் கடலின் வடமுனையைத் தொட்டும் போகிறது. உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரி 24 முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. ஆகவே தெற்கே இறங்கிச் சுற்ற வேண்டும், சில நூறு கி.மீ. கூடுகிறது.

இதைவிடக் கடுமையாக அடிபட்டது ஹெல்சிங்கி–டோக்கியோ. பெருவட்டத் தூரம் சுமார் 7,830 கி.மீ. முன்பு ரஷ்யா வழியாக ஒன்பதரை மணி நேரத்தில் போனார்கள். ரஷ்ய வான்வெளி அவர்களுக்கு மூடிய பிறகு 13 மணி நேரம் ஆனது. இரண்டு விமான நிலையங்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, சூத்திரம் தரும் எண்ணும் மாறவில்லை. எங்கள் துறையில் இருந்தவர்களுக்கு அந்த வாரங்கள் மறக்காது, உலக வரைபடத்தையே புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது.

அரசியல் இல்லாத தடைகளும் உண்டு. திபெத்தின் மேல் நெடுந்தூரம் பறப்பதைத் தவிர்ப்பார்கள். விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்தால் 10,000 அடிக்கு இறங்க வேண்டும், அங்கே தரையே அதற்கு மேல் இருக்கிறது. பெருங்கடல்களில் இரட்டை எஞ்சின் விமானம், ஒரு எஞ்சின் நின்றாலும் குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் ஒரு விமான நிலையத்தை எட்டக்கூடிய வழியில்தான் போக வேண்டும். அடிப்படை விதி 60 நிமிடம். சிறப்பு அனுமதியோடு அது நீள்கிறது, ஏ350-க்கு 370 நிமிடம் வரை.

கோணமானி எழுதியது:

கணிதத்தின் மீது நம்பிக்கை குறைந்துவிடக் கூடாது என்பதற்காக ஓர் அழகான கணக்கு. சிங்கப்பூரும் நியூயார்க்கும் தீர்க்கரேகையில் 177.8 பாகை விலகியவை, ஏறத்தாழ நேர் எதிர். ஆகவே குறுகிய வழி வடதுருவத்தை ஒட்டியது. சாங்கியிலிருந்து துருவத்துக்கு 88.64 பாகை, துருவத்திலிருந்து நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கு 49.36. கூட்டினால் 138. பெருக்கினால் 15,345 கி.மீ. வெளியிடப்படும் தூரம் 15,349. சைனும் இல்லை, கொசைனும் இல்லை, மனக்கணக்கு!

இரவுவானம் எழுதியது:

அருமை ஐயா. அந்தத் தடத்திலும் காற்றைப் பார்த்துத்தான் போவார்கள். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் விமானம் துருவத்தை விட்டுவிட்டுப் பசிபிக் வழியாகப் பின்காற்றைப் பிடித்துப் போவது வழக்கம்.

தாமரைக்கேணி, உங்களுக்கு என் யோசனை இது. மருத்துவரிடம் ஒற்றை எண்ணைக் கொடுக்காதீர்கள், வரம்பாகக் கொடுங்கள். போவதற்கு 12½ முதல் 14, வருவதற்கு 13½ முதல் 15 மணி நேரம். உங்கள் விமான எண்ணைக் கண்காணிப்புத் தளத்தில் போட்டால், கடந்த சில நாள்களில் அது உண்மையில் எவ்வளவு நேரம் எடுத்தது என்று தெரியும். அதே பருவத்தின் காற்று, அதே வான்வெளித் தடைகள், அதே ஓடுபாதைகள், எல்லாமே அந்த எண்களுக்குள் வந்துவிட்டன.

தாமரைக்கேணி எழுதியது:

அப்படியே செய்கிறேன். யூ.டி.சி. நேரத்தில் ஒரு பட்டியல் தயாரித்திருக்கிறேன்: புறப்பாடு, ஒவ்வோர் உணவு, ஒவ்வோர் ஊசி, வருகை. பக்கத்தில் கழிந்த மணி நேரம். தாயாரின் கைக்கடிகாரத்தைப் பயணம் முடியும்வரை மாற்றாமல் விட்டுவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

பயணப்பை எழுதியது:

மாற்றவே வேண்டாம். கைப்பேசி தானாக நேரத்தை மாற்றிவிடும், அதிலுள்ள நினைவூட்டல் மணிகள் எல்லாம் இடம் மாறிவிடும். அதனால் அந்தத் தானியங்கி வசதியைக் கிளம்பும் முன்பே அணைத்துவிடுங்கள். மருந்தையும் பட்டியலையும் கைப்பையிலேயே வையுங்கள், சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வேண்டாம். பட்டியலின் பிரதி ஒன்று தாயாரிடமும் இருக்கட்டும்.